நேற்று என்ன நடத்தினேன்?

கேள்வியைக் கேட்டாகிவிட்டது. இனி நான் வாயைத் திறக்கக் கூடாது. சும்மா இருப்பது என்ன சின்ன வேலையா, அதுவும் எனக்கு. நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பேசியே சோறு தின்ற வாய் இது. பேச ஆள் கிடைக்காத நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டைம் கீப்பரிடமாவது, காசியில் நான் ஒரு யானைக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கின கதையைச் சொல்லிவிட்டு வருகிற வாய். நான் காசிக்குப் போனதில்லை, அது வேறு விஷயம். அந்த வாய் இப்போது உதட்டை உதட்டால் அமுக்கிக்கொண்டு நிற்கிறது. சாப்பாட்டுக்குப் பிந்தின வகுப்பு. தகரக் கூரைக்குக் கீழே அட்டை அடித்திருக்கிறார்கள், அட்டை வெயிலைத் தடுப்பதற்குப் பதிலாகச் சேர்த்துவைத்து மெதுவாக எங்கள் தலையில் இறக்குகிறது. கீழே பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற பட்டறை, அந்த வாடையும் மாடிப்படி ஏறி வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கிறது. பத்தாவது பெயிலானவர்களுக்கு அருப்புக்கோட்டையில் நடக்கிற டுடோரியல் இது. நான் ரிட்டயரான பிறகு வந்து சேர்ந்த இடம். நாகலிங்கம் சார், சயின்ஸ். முழங்கால் வலிக்கிறது. உட்காரலாம், நாற்காலி இருக்கிறது, ஆனால் உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் காத்திருப்பதுபோலத் தெரியாது, கிழவன் சொக்குவதுபோலத்தான் தெரியும், இன்றைக்கு அப்படித் தெரியக் கூடாது. கடைசி பெஞ்சில் டுடோரியல் முதலாளி தனுஷ்கோடி உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் பானு என்று ஒரு இளம் டீச்சர். சாத்தூரில் புதிதாகத் திறந்திருக்கிற கிளைக்கு எடுத்திருக்கிறான், நான் எப்படிப் பாடம் நடத்துகிறேன் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூட்டி வந்திருக்கிறான். கற்றுக்கொள்ள. என்னிடமிருந்து. ஆண்டவா. நான் கேட்ட கேள்வி இதுதான்: "உடம்புல ஓடுற தமனி எல்லாம் நல்ல இரத்தத்தக் கொண்டுபோகுது. நுரையீரலுக்குப் போற ஒண்ணு மட்டும் கெட்ட இரத்தத்தக் கொண்டுபோகுது. பின்ன அதையும் எதுக்குத் தமனிங்கிறோம்?" கேட்டதும் காசிமாயன் கையைத் தூக்கினான், அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், எதற்கும் முதலில் ஹாரன் அடித்துவிடுவான். நான் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். கை தானாக இறங்கியது. இனி எல்லாரும் யோசிப்பார்கள். யோசிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும், பேனா மூடியைக் கடிக்கிற சத்தம், பெஞ்சுக்கு அடியில் செருப்பு தேய்கிற சத்தம், யாரோ மூச்சோடு மூச்சாக "தமனி, தமனி" என்று சொல்லிப் பார்க்கிற சத்தம்.

பானு எழுதுகிறாள். என்ன எழுதுவாள்? கேள்வி கேட்டபின் நீண்ட நேரம் காத்திருக்கிறார் என்று எழுதுவாள். இது நல்ல முறை என்று அவள் படித்த பயிற்சிக் கல்லூரியில் சொன்னார்களாம், வந்தவுடன் என்னிடம் சொன்னாள், "புத்தகத்துல படிச்சதோட சரி சார், யாரும் செஞ்சு பார்த்ததில்ல." அம்மா பானு, இது முறையில்லை, இது ஓட்டை. சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் காலண்டர் மாட்டுவோமில்லையா, அது. போன வருஷம் மழைக்கு முந்தின ஒரு மத்தியானம், செரிமானம் நடத்திக்கொண்டிருந்தேன், போர்டில் அந்தப் பெரிய உறுப்பை வரைந்தேன், அதன் பேரை எழுதப் போனேன், பேர் இல்லை. கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருந்தால் எட்டிப் பிடிக்கலாம், இது அப்படியில்லை, அந்த இடமே இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுமே அதுபோலத் தடவினேன். சாக்பீஸ் போர்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, முதுகுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர். திரும்பினேன். சிரித்தேன். "நானே எல்லாத்தையும் சொல்லிக்கிட்டிருந்தா நீங்க எதுக்கு? இது என்ன, நீங்க சொல்லுங்க" என்றேன். அப்புறம் ஒரு குரல், "கல்லீரல் சார்." கல்லீரலே, எங்கே போயிருந்தாய். அன்றைக்குப் பிழைத்தேன். மறுநாள் வகுப்புக்கு வந்தால் எந்த இடத்தில் விட்டேன் என்பது தெரியவில்லை. "நேத்து என்ன நடத்துனேன்? புத்தகத்த மூடிட்டுச் சொல்லுங்க, பாப்போம்" என்றேன். அதிகாரமாகத்தான் கேட்டேன். திருடன் போலீஸ்காரனிடம் மணி கேட்பதுபோலக் கேட்டேன். அவர்கள் முழித்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்கள், துண்டுகளைச் சேர்த்து நான் நேற்றைய பாடத்தைத் தெரிந்துகொண்டேன். பிறகு தினமும் அதுவே ஆனது. போன வாரம் என்ன, போன மாசம் என்ன. ஒருவன் சொல்கிற பதில் சரியா தப்பா என்று எனக்கே நிச்சயமில்லாதபோது பக்கத்திலிருப்பவனிடம், "இவன் சொல்றது சரியா, ஏன்?" என்பேன். இருவரும் அடித்துக்கொள்வார்கள், அடித்து முடிக்கிறபோது எனக்கும் விளங்கிவிடும். படத்தை அழித்துவிட்டு வெற்றுத் தாளில் வரையச் சொன்னேன், ஏனென்றால் போர்டில் பேர் எழுதுகிற வேலை எனக்கு மிச்சம். இப்படி ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு காலண்டர். வருஷக் கடைசியில் ரிசல்ட் வந்தது, என்றைக்கும் சயின்ஸில் உட்கார்ந்துபோகிற கூட்டம் எழுந்து நின்றது. தனுஷ்கோடி எனக்கு மாலை வாங்கி வந்தான். கழுத்தில் மாலையோடு நான் அவன் பேரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் யாரும் பேசவில்லை. நல்லது. எனக்கும் நேரம் வேண்டும். பஸ்ஸில் ஏறினவன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதுபோல நான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறேன். ஆரிக்கிள் இருக்கிறது. வெண்ட்ரிக்கிள் இருக்கிறது. பெருந்தமனி, பெருஞ்சிரை, இருக்கின்றன. மகள் பேர் ஹேமலதா, திருப்பூர், பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். பேத்தி பேர். பேத்தி பேர். தியா இல்லை, தியா பக்கத்து வீட்டுப் பிள்ளை. விடு, அது தானாக வரும், விரட்டினால் வராது, பூனைபோல. மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே காரைப் பிடித்து வந்து என்னை மூட்டை கட்டி எடுத்துப் போய்விடுவாள், திருப்பூரில் ஒரு மூன்றாவது மாடியில் டிவிக்கு எதிரே உட்காரவைத்து வேளைக்குச் சாப்பாடு போடுவாள், நல்லவள்தான், நன்றாகவே பார்த்துக்கொள்வாள். இந்த அறை போய்விடும். இந்த வாடை, இந்தக் கூட்டம், சாக்பீஸ் தூள் ஒட்டின இந்த உள்ளங்கை. என் வீட்டுக்காரி செண்பகம் செத்த பிறகு வீட்டில் என்னோடு பேசுகிறது ஃபிரிட்ஜ் மட்டும்தான். தனுஷ்கோடிக்குத் தெரிந்தாலும் இதே கதைதான், அவன் அழுதுகொண்டே அனுப்புவான், அது ஒன்றுதான் வித்தியாசம். அவன் என் பழைய மாணவன். ஸ்கூலில் என்னிடம் படித்தபோது இதே இதயத்தைக் கதையாகத்தான் நடத்தினேன். மதுரையில் என் மாமாவுக்கு ஒரு லாட்ஜ் இருந்தது, நாலே அறை, மேலே இரண்டு, கீழே இரண்டு, ஸ்பிரிங் கதவு, ஒரு பக்கம்தான் திறக்கும், நுழைந்தவன் வந்த வழியே திரும்ப முடியாது. ஊர் சுற்றி அழுக்காகி வருகிறவனை வலது பக்க மேலறையில் ஏற்றி, கீழறையில் இறக்கி, நேரே கொடைக்கானலுக்கு அனுப்பிவிடுவார் மாமா, நல்ல காற்று வாங்கிக்கொண்டு வரட்டுமென்று. காற்று வாங்கினவன் இடது பக்க மேலறைக்கு வருவான், கீழறைக்கு இறங்குவான், அங்கிருந்து ஒரே தள்ளு, மறுபடி ஊருக்குள். ஒரு தடவை ஒரு தாசில்தார் கதவைத் தப்பான பக்கம் திறக்கப் போய் மூக்கு உடைந்தது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தனுஷ்கோடி பரீட்சையில், அசுத்த இரத்தம் கொடைக்கானலுக்குச் செல்கிறது என்று எழுதிவைத்துவிட்டு வந்தான், தாசில்தார் மூக்கையும் விடவில்லை. சைபர். நான் சொன்னது ஒன்று விடாமல் நினைவில் இருந்தது அவனுக்கு, பாடத்தைத் தவிர. எனக்கு மாமாவே கிடையாது. ஆனால் பாருங்கள், இல்லாத அந்த லாட்ஜின் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட், கீழ்த்தாழ்ப்பாளில் துரு, அது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இருக்கிற பேத்தியின் பேர் வரவில்லை. பொய்க்கு வேர் ஆழம்போல. மூளை ஒருவேளை தான் பாடுபட்டுச் செய்ததை மட்டும்தான் வைத்துக்கொள்ளுமோ என்னவோ, கேட்டுவிட்டுப் போனதையெல்லாம் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிடுமோ. அந்த லாட்ஜை நான் பாடுபட்டுக் கட்டினேன். பையன்கள் சும்மா கேட்டார்கள்.

"சார், கெட்ட இரத்தம்னா அது சிரைதான் சார், புக்குல தப்பாப் போட்டுட்டாங்க" என்றான் காசிமாயன், கை தூக்காமலே, பொறுக்க மாட்டாமல். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. முன்பெஞ்சுப் பக்கம் திரும்பினேன். பேச்சியம்மாள் அங்கேதான் உட்காருவாள், முப்பதைத் தாண்டினவள், வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள், பத்தாவது பாஸானால் தையல் டீச்சர் பரீட்சை எழுதலாம் என்று வந்திருக்கிறாள். "பேச்சியம்மா, தம்பி புத்தகமே தப்புங்கிறான். நீ என்ன சொல்ற?" அவள் உடனே பேசுகிறவளில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அவன் சொல்றபடி பாத்தா, இரத்தத்த வச்சுத்தான் பேருன்னு ஆகுது. அப்படியான்னுதான் யோசிக்கிறேன் சார்." "பின்ன எத வச்சுங்க்கா பேரு, ஜாதகத்த வச்சா?" என்றான் காசிமாயன். "இருடா. நீ சரக்கு ஏத்திட்டு மார்க்கெட்ல இருந்து கிளம்பினா என்ன சொல்லுவ?" "லோடு போகுதும்பேன்." "காலி வண்டியா மார்க்கெட்ல இருந்து கிளம்பினா?" "அப்பவும் போகுதுன்னுதான் சொல்லுவேன், வருதுன்னா சொல்லுவேன்?" அவன் அதைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றான். முகத்தில் ஒன்று நகர்ந்தது. இதைப் பார்க்கத்தான் நான் இந்த வெயிலில் படியேறி வருகிறேன், வேறு எதற்குமில்லை. "சார், அப்ப உள்ள என்ன சரக்குங்கிறது கணக்கில்ல சார். இதயத்துல இருந்து வெளிய போச்சுன்னா தமனி. இதயத்துக்கு வந்துச்சுன்னா சிரை. போற திசைதான் சார் பேரு!" வகுப்பு கலகலத்தது. யாரோ பெஞ்சைத் தட்டினார்கள். "அப்ப நுரையீரல்ல இருந்து திரும்பி வர்றது?" என்றேன், எனக்கு நன்றாகத் தெரியும் இது, இது இருக்கிறது. "வருதுல்ல, அப்ப அது சிரை, நல்ல இரத்தம் இருந்தாலும் சிரை" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில். இனி செத்தாலும் மறக்கமாட்டார்கள். தனுஷ்கோடி பானுவின் பக்கம் சாய்ந்து எதையோ சொல்லிப் பெருமையாகத் தலையை ஆட்டினான், என்னவோ இதயத்தையே அவன்தான் கண்டுபிடித்தது மாதிரி. எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துதான் போனது. பிறகு களைப்பு. இந்தக் களைப்பு உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்க ஒரு கையால் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் போடுகிறவனுக்கு வரும் களைப்பு.

பானு எழுந்தாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சின்ன ரிக்வெஸ்ட்." பேனாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், நல்ல பிள்ளை. "இவங்ககிட்ட இருந்து நீங்க வரவழைக்கிறதப் பாத்துட்டேன். இதே பாடத்த ஆரம்பத்துல இருந்து கடைசிவரைக்கும் நீங்க மட்டும் ஒரு தடவ சொல்லிக்காட்டுனா, எந்தெந்த இடத்துல நிறுத்திக் கேக்கணும்னு குறிச்சுக்குவேன். இவங்க பேச வேண்டாம், கேக்கட்டும்." தனுஷ்கோடி, "அட, சார் சொல்ல ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாதும்மா, சொல்லுங்க சார்" என்றான். கதவைப் பிடித்திருந்த கையைத்தான் இவள் கேட்கிறாள். முடியாது என்று சொல்லலாம். தொண்டை சரியில்லை எனலாம், முழங்கால் எனலாம், யானைப் பல் எனலாம். ஏன் சொல்லவில்லை? ஆசைதான். முன்போல ஒரு தடவை, தங்குதடையில்லாமல், ஆற்று மணலில் சைக்கிள் விட்டதுபோல இல்லாமல், தார் ரோட்டில் விட்டதுபோல. போர்டுக்குப் போனேன். வரைந்தேன். கை வரைந்தது, கையைப் பாராட்ட வேண்டும், அது எதையும் மறக்கவில்லை. "உடம்பு பூரா சுத்துன இரத்தம் பெருஞ்சிரை வழியா வலது ஆரிக்கிளுக்கு வருது." வருகிறது, நன்றாக வருகிறது. "ஆரிக்கிள் சுருங்குது. இரத்தம் கீழ, வலது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்குது." குரல்கூடப் பழைய குரல். "இறங்குனது திரும்ப மேல ஏறிரக் கூடாது. அதுக்கு நடுவுல ஒரு வால்வு. அதுக்குப் பேரு." பேரு. சாக்பீஸ் நின்றுவிட்டது. பார்க்கிறேன், மூன்று மடல் வரைந்திருக்கிறது, அழகாக, ஒன்றோடொன்று சேர்ந்து மூடுகிற மாதிரி. என் கைதான் வரைந்திருக்கிறது. பேர் இல்லை. காலையில் பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தேனே, இருந்ததே, நுரையோடு துப்பிவிட்டேனா. தாழ்ப்பாளில் துரு வருகிறது. பச்சைப் பெயிண்ட் வருகிறது. கேட்காமலே தாசில்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறார். செண்பகம் கடைசியில் சாப்பிட்ட மாத்திரைகளின் பேரெல்லாம் வரிசையாக வருகிறது, வேண்டாம், போங்கள், நீங்கள் இல்லை. வேறு ஒன்று. இதைக் கொஞ்சம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாமா, போனால் இந்தப் பள்ளம் தெரியாமல் இருக்குமா. அடுத்தது எது. வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து, எங்கே, ஒரு குழாய், குழாயின் பேர், அதைப் பற்றித்தானே இவ்வளவு நேரம். அதுவும் போய்விட்டது. ஒன்று போனால் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் போகிறது. பின்னால் சத்தமே இல்லை. யாரும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள். நான் பழக்கின பழக்கம் அது, "நான் நிறுத்துனா யாரும் கத்தக் கூடாது, மனசுக்குள்ள தேடுங்க" என்று. தேடுகிறார்கள். எல்லாரிடமும் இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது, அதன் இறக்கையும் மூன்று, அதைக் கண் பார்க்கிறது, மூளைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. முதுகு நனைகிறது. ஒரு பொய் வேண்டும், உடனே, ஒரு நல்ல பொய், என் ஆயுசு முழுக்க எனக்குச் சோறு போட்டது அதுதானே. பொய்யும் வரவில்லை. அது வராத நாளும் ஒன்று உண்டென்று நான் நினைத்ததில்லை. திரும்பினேன். தனுஷ்கோடியின் முகம், பானுவின் முகம், அவ்வளவு ஆர்வம். எனக்கு முடியவில்லை. அவ்வளவுதான், முடியவில்லை. "மறந்துபோச்சு" என்றேன். "நெசமாவே மறந்துபோச்சு. ஞாபகம் வரல."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "யப்பா, என்னா நடிப்பு!" என்றான் காசிமாயன், "சார், கண்ணுல தண்ணி வேற! நீங்க சினிமாவுக்குப் போயிருக்கணும் சார்." "மூவிதழ் வால்வு!" என்று எல்லாரும் சேர்ந்து, கோயில் மணி அடித்ததுபோல. தனுஷ்கோடி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "பாத்தியாம்மா? இதுதான் சார். எங்க காலத்துல இருந்தே இப்படித்தான், எது நெசம் எது கதைன்னு கண்டுபிடிக்கவே முடியாது." பானு வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் மறந்ததுபோல நடிக்கிறார், மாணவர்கள் நினைவுபடுத்துகிறார்கள், அப்படி ஏதாவது எழுதுவாள், சாத்தூரில் அவளும் நின்று நடிப்பாள், பிள்ளைகள் படிப்பார்கள், நல்லதுதான், நடக்கட்டும். யானைக்குப் பல் பிடுங்கினேன் என்றால் தலையாட்டுகிறார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொன்னேன், அதற்குக் கைதட்டு. நான் திரும்பி, மூவிதழ் வால்வு என்று எழுதினேன். எழுதும்போது அது புதுப் பேர்போல இருந்தது, யாரோ ஊரிலிருந்து வந்த விருந்தாளி பேர்போல. மிச்சத்தை, "இனிமே நீங்க சொல்லுங்க" என்று அவர்களிடமே விட்டேன். சொன்னார்கள். நுரையீரல் தமனி. அதுதான், அதுதான்.

பெல் அடித்தது. தனுஷ்கோடி கிட்டே வந்து, "சார், வர்ற ஞாயித்துக்கிழமை சாத்தூர்ல எல்லா டீச்சரும் வர்றாங்க. இந்த முறையப் பத்தி நீங்க மட்டும் ஒரு மணி நேரம் பேசுனாப் போதும், பிள்ளைங்கல்லாம் கிடையாது, வண்டி அனுப்புறேன்" என்றான். நான் தலையாட்டினேன். தலைக்கு ஆட்டத் தெரியும், அதற்கு ஞாபகம் தேவையில்லை. பானு குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் இறங்கினார்கள், படிக்கட்டு கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தேன், கடைசியில். பேச்சியம்மாள் போகவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி முன்பெஞ்சிலேயே நின்றாள். "சார், ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது." "கேளும்மா." "அது நெசமாவே மறந்துதான போச்சு?" இப்போது மட்டும் பொய்கள் ஓடி வந்தன, வரிசையில் நின்றன, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று. அவள் இன்னொரு தரம் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். காத்திருந்தாள். ஒரு கேள்விக்குப் பின்னால் வருகிற அமைதி எவ்வளவு கனமானது என்று இப்போதுதான் தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் நின்றுதான் எனக்குப் பழக்கம். "ஆமா" என்றேன். "எங்க மாமனாருக்கும் இப்படித்தான் சார் ஆரம்பிச்சது. என்னடா இவரு எப்பப் பாத்தாலும் கேள்வியாக் கேக்குறாருன்னு நெனச்சோம். பேரன் பேர நீ சொல்லு, இன்னைக்கு என்ன கிழமை நீ சொல்லுன்னு. விளையாட்டுன்னு நெனச்சோம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "சிறுநீரகம் நடத்துனீங்கல்ல. சிறுநீரப் பைக்குக் கொண்டுபோறது நெஃப்ரான்னு காசிமாயன் சொன்னான். சரின்னுட்டீங்க." எனக்கு அப்படி ஒரு வகுப்பு நடந்ததே நினைவில்லை. "அது சிறுநீர்நாளம் சார். நான் வீட்ல புக்கப் பாத்துட்டு, எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க தப்பாச் சொன்னீங்கன்னு சொல்லல. சார் வேணும்னே தப்பாச் சொல்லி யாரு கண்டுபிடிக்கிறான்னு பாக்குறாருன்னு சொல்லிவச்சிருக்கேன்." இவளும் கதை கட்டியிருக்கிறாள், எனக்காக, என்னைவிட நன்றாகவே. "இந்த மாதிரி எத்தன தடவம்மா?" என்றேன். "அத விடுங்க சார்" என்றாள். அந்தப் பதிலில் எல்லாமே இருந்தது. நான் காலண்டர் மாட்டிக்கொண்டே போக, பின்னாலேயே வந்து ஒருத்தி காரை பூசிக்கொண்டிருந்திருக்கிறாள், ராத்திரி ஜாக்கெட் தைத்து முடித்த பிறகு. "எனக்குத் தெரிஞ்சத நான் திருத்திட்டேன். தெரியாதது எதும் தப்பாப் போயிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? இது எனக்கு ரெண்டாவது தடவ சார். இப்பவும் போச்சுன்னா வீட்ல அனுப்பமாட்டாங்க." அவள் குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் நான் தப்பித்திருப்பேன். "உங்க வீட்ல யாருக்குத் தெரியும்?" யாருக்கும் தெரியாது என்றேன். மகளுக்குச் சொன்னால் இங்கிருந்து என்னை எடுத்துவிடுவாள் என்றேன். இந்த வகுப்பு இல்லாவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், அதைச் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும். "எடுக்கட்டும், எடுக்காமப் போகட்டும். டாக்டருகிட்ட போகணும்ல. எங்க மாமனாருக்கு நாங்க லேட்டாத்தான் போனோம்." மேஜைமேல் கிடந்த என் போனை எடுத்து என் பக்கம் தள்ளினாள். தள்ளிவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டாள். கீழே பட்டறையில் எதையோ சுத்தியலால் தட்டினார்கள், நிறுத்தினார்கள். ஹேமலதா, இருக்கிறது, பேர் இருக்கிறது. அமுக்கினேன். மணி போனது. போய்க்கொண்டேயிருந்தது, எடுக்காமல் இருந்துவிட்டால் நல்லது, வேலையாக இருப்பாள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், சாத்தூர் போய்விட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம். "சொல்லுங்கப்பா" என்றாள். பின்னால் மிஷின்களின் இரைச்சல். "என்ன இந்த நேரத்துல? வகுப்பு இல்லையா? அப்பா? என்னப்பா, சொல்லுங்க."

"சும்மாதாம்மா" என்றேன். ஜன்னலோரம் நின்றவள் திரும்பவில்லை. "இல்ல" என்றேன், "சும்மா இல்ல."